கடலூர்க் கரையையும் ஏரியையும் செயற்கைக்கோள் படத்தில் கண்காணிப்பது எப்படி

கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். வருமானச் சான்று, பட்டா நகல், மானிய விண்ணப்பம் என்று வருபவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள். வேலை முடிந்த பிறகு பேச்சு எப்படியும் இங்கேதான் வந்து நிற்கும்: கரை போய்க்கொண்டே இருக்கிறது, ஏரி சுருங்குகிறது, வெள்ளம் இதுவரை ஏறாத தெருவில் ஏறுகிறது. மனு எழுதித் தரச் சொல்வார்கள். எழுதித் தருவேன். ஆனால் போனில் எடுத்த படத்தை மனுவோடு வைத்தால், "இது எந்த வருஷம், எந்த இடம்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் இருக்காது.

தேதியும் இடமும் அளவும் தானே பதிந்திருக்கிற படம் செயற்கைக்கோள் படம். காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவை புதுப்படம் வருகிறது. அதை எடுப்பதும் படிப்பதும் கிராம சபையில் வைப்பதும் எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்தாவது படித்த பிள்ளை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படம் எங்கே, எப்போது, எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. கடல் உள்ளே வந்தால் உடனே "பருவநிலை மாற்றம்" என்று எழுதிவிடுகிறோம். சில இடத்தில் அது சரி, சில இடத்தில் காரணமே வேறு. காரணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வருவது இதற்குத்தான்.

எந்தக் கண்ணால் பார்ப்பது

மேலே நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. நமக்கு மூன்று போதும்.

சென்டினல்-2 என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது. முதலாவது 2015-இல் போனது, அடுத்தது 2017-இல். எப்போதும் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வரும் என்ற கணக்கில் ஏற்பாடு. இதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். வீட்டு மனை தெரியும், வீடு தெரியாது. ஃபைபர் படகு தெரியாது, கரையில் கொட்டிய கருங்கல் வரிசை தெரியும்.

சென்டினல்-1 ரேடார். மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடை இல்லை. நம் ஊர் மழைக்காலத்துக்கு இதுதான் துணை.

லேண்ட்சாட் அமெரிக்காவுடையது. 1972 முதல் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கிறது. 1982 முதல் போனவற்றில் புள்ளி முப்பது மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட். கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நினைவு நீளம். அப்பா காலத்துக் கரை எங்கே இருந்தது என்று கேட்டால் இதுதான் சொல்லும். 2008 முதல் இதன் பழைய படங்கள் எல்லாமே இலவசம்.

நம் இஸ்ரோ செய்வதை விட்டுவிடக் கூடாது. புயல் நேரத்தில் தொலைக்காட்சியில் சுழலும் மேகப்படம் இன்சாட் வரிசையில் இருந்து வருவது. அதில் புதியதான இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. கடலின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் ஓஷன்சாட் பார்க்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த மாதிரிப் படங்களை வைத்துத்தான் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. கடல் நீரின் வெப்பம் சட்டென மாறும் கோட்டையும், பாசி செழித்த இடத்தையும் சேர்த்துப் பார்த்து அதைச் சொல்கிறார்கள். அந்த அறிவிப்பைக் கையில் வைத்திருக்கும் படகுக்காரர் ஏற்கெனவே விண்வெளித் தொழில்நுட்பத்தோடுதான் தொழில் பார்க்கிறார்.

முதல் படத்தை எடுப்பது

கூகுளில் "கோப்பர்னிகஸ் பிரவுசர்" என்று தேடினால் முதலில் வரும் தளத்தைத் திறக்கவும். மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொள்ளுங்கள். போனிலும் திறக்கும், ஆனால் கோடு வரைய மவுஸ் இருந்தால் நல்லது. வரைபடத்தை நகர்த்தி நம் ஊருக்கு வாருங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையை நடுவில் வைத்தால் வடக்கே தென்பெண்ணை முகத்துவாரமும் தாழங்குடாவும், தெற்கே கெடிலமும் உப்பனாறும் ஒரே திரையில் வரும்.

இடது பக்கத்தில் தேதி இருக்கும். அதைத் தொட்டால் எந்த நாளில் படம் உண்டு என்று காட்டும். பக்கத்திலேயே மேகத்தின் அளவைக் குறைக்கும் பட்டை உண்டு. அதை இருபது சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மாசி முதல் சித்திரை வரை நமக்கு வானம் தெளிவு. முதல் படத்தை அந்த மாதங்களில் தேடினால் ஏமாற்றம் இருக்காது.

படத்தில் நேரம் ஐந்தேகால் வாக்கில் போட்டிருக்கும். அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் காலை பத்தே முக்கால். சென்டினல்-2 எப்போதுமே அந்த நேரத்தை ஒட்டித்தான் நம் ஊரைத் தாண்டும். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

சாதாரண வண்ணப் படத்தில் ஊரை அடையாளம் கண்ட பிறகு, பட்டியலில் "என்.டி.டபிள்யூ.ஐ." என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் வைத்துப் போடுகிற கணக்கு அது. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், மண்ணும் இலையும் திருப்பி அனுப்பும். அதனால் இந்தப் படத்தில் தண்ணீர் நீலமாகவும் தரை பச்சையாகவும் பிரிந்து நிற்கும். கரைக்கோடு பளிச்சென்று தெரியும். இதே மாதிரி "என்.டி.வி.ஐ." என்பது பசுமையின் அளவு. இந்த இரண்டும் தெரிந்தால் கடலூர் மாவட்டத்துக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது.

வலது பக்கத்தில் அளவுகோல் இருக்கிறது. இரண்டு இடத்தில் தொட்டால் நடுவே எத்தனை மீட்டர் என்று சொல்லும். பக்கத்தில் பரப்பு வரையும் கருவி உண்டு. ஏரியைச் சுற்றிக் கோடு இழுத்தால் சதுர கிலோமீட்டரில் பரப்பைக் கொடுக்கும், அதை 247-ஆல் பெருக்கினால் ஏக்கர். இரண்டு தேதிப் படங்களை ஒப்பிடும் பட்டனும் உண்டு. ஒரு படத்தின் மேல் இன்னொன்றைத் திரைச்சீலை மாதிரி இழுத்துப் பார்க்கலாம்.

கரைக்கோட்டை அளக்கும்போது திதியைப் பாருங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கரையை அளக்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

என் சித்தப்பா தாழங்குடாவில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். சென்டருக்கு வந்தவரிடம் இரண்டு வருஷத்துக் கரைக்கோட்டைத் திரையில் காட்டினேன். பதினைந்து மீட்டர் உள்ளே வந்திருந்தது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. தேதியைத்தான் பார்த்தார்.

"இது என்ன திதி, இது என்ன திதி? அமாவாசைத் தண்ணியும் அஷ்டமித் தண்ணியும் ஒண்ணாம்மா?"

அவர் கேட்டதை எண்ணில் போட்டுப் பாருங்கள். நம் கரையில் ஓதம், அதாவது கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். ஆனால் மணற்கரை சரிவாக இருக்கிறதே. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற கரை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் கோடு பத்து மீட்டர் உள்ளே வரும். சென்டினல் படத்தில் அது முழுதாக ஒரு புள்ளி. கரையில் ஒரு பிடி மணல் போகாமலேயே "பத்து மீட்டர் அரிப்பு" என்று படம் காட்டிவிடும்.

இதற்கு விடை நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் இருக்கிறது. செயற்கைக்கோள் எப்போதும் பத்தே முக்காலுக்குத்தான் வருகிறது. ஓதமோ நிலவைப் பின்தொடர்கிறது. ஆகவே ஒரே திதியில் எடுத்த இரண்டு படங்களில், அந்த நேரத்துக்கு ஓதமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். பஞ்சமிக்குப் பஞ்சமி, அஷ்டமிக்கு அஷ்டமி என்று ஜோடி சேருங்கள். வளர்பிறையா தேய்பிறையா என்பதுகூடப் பெரிய வித்தியாசம் செய்யாது. அமாவாசையும் பௌர்ணமியும் கடலுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒரு நாள் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது மாதம். வங்காள விரிகுடாவில் கடல் மட்டமே ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் பங்குனி வாக்கில் தாழ்ந்தும் இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அலை மணலை இழுத்துக்கொண்டு போகும், கோடையில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்து போடும். மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் ஒப்பிட்டுக் "கரை போச்சு" என்று எழுதினால் விஷயம் தெரிந்த அதிகாரி ஒரு நிமிஷத்தில் மனுவை ஓரம் வைத்துவிடுவார். மார்ச்சுக்கு மார்ச், ஏப்ரலுக்கு ஏப்ரல்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு புள்ளிக்குள் வருகிற வித்தியாசத்தை நம்ப வேண்டாம். 2016-இல் ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதம், ஒரே திதியை ஒட்டி ஒரு படம் எடுத்து, ஒரே இடத்தில் அளந்து, நோட்டில் வரிசையாக எழுதுங்கள். எண்கள் ஒரே திசையில் நகர்ந்தால் அது அரிப்பு. ஏறி இறங்கி ஏறினால் அது கடலின் வழக்கம்.

அப்புறம் தரையிலும் ஒரு அளவு வேண்டும். கரையில் அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பம், கோயில் மதில், வலை பின்னும் கூடத்தின் தூண் என எதுவாகவும் இருக்கலாம். அதிலிருந்து ஈர மணலின் மேல் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, தேதியும் நேரமும் போட்டு, கம்பமும் கடலும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ. செயற்கைக்கோள் வரும் நாளில் பத்தே முக்காலுக்கு அளந்தால் இரண்டும் பொருந்தும். தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் இதைப் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். அவர்கள் சுத்தமாகச் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.

புதுச்சேரி சொல்லித் தருவது

காரணம் தேடப் பழகுவதற்குப் புதுச்சேரியை விட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை. கூகுள் எர்த்தில் "டைம்லேப்ஸ்" என்ற வசதி இருக்கிறது. 1984 முதல் வருஷத்துக்கு ஒரு படம் வீதம் ஓடவிடும். பழைய படங்கள் எல்லாம் லேண்ட்சாட் எடுத்தவை. அதில் புதுச்சேரித் துறைமுகம் இருக்கும் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய் நிறுத்தி, மெதுவாக ஓடவிடுங்கள்.

1980-களின் பின்பாதியில் அங்கே கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் முளைப்பதைப் பார்ப்பீர்கள். அதன் பிறகு சுவரின் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமாகும். வடக்கே கரை மெலிந்து, காந்தி சிலையை ஒட்டிய மணற்பரப்பு மறைந்து, கடைசியில் கருங்கல்தான் மிஞ்சும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கும்.

இதன் காரணம் எளிது. நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் சில மாதம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவே சுவர் கட்டினால் தெற்கே தேங்கும், வடக்கே பட்டினி. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை.

இப்போது கடல் மட்டக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1992-இல் போன டோபெக்ஸ்-பொசைடன் தொடங்கி இன்றைய சென்டினல்-6 வரை, கடல் மட்டத்தை அளப்பதற்கென்றே செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 1993 முதல் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 செ.மீ. உயர்ந்திருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் உயரும் வேகமும் கூடுகிறது. இருபதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் 10 செ.மீ. நேராக மூழ்கடிப்பது இரண்டு மீட்டர். உயர்ந்த கடல் அலையால் அரிக்கும்போது இன்னும் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு நகரத்தின் கடற்கரையே சில வருஷங்களில் காணாமல் போனதை அது விளக்காது. அதை விளக்குவது சுவர்.

காரணத்தைக் கடல் மட்டம் என்று எழுதினால் மருந்து கருங்கல் என்று வரும். கல்லைக் கொட்டினால், தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிக் கல்சுவர் போட்டால், அந்த ஊர் தப்பும், பட்டினி அடுத்த ஊருக்குப் போகும். புதுச்சேரி எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை இந்தக் கதை நடந்ததை அதே டைம்லேப்ஸில் பார்க்கலாம். காரணம் மணல் என்று புரிந்துகொண்டபோதுதான் மருந்து மாறியது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டை இறக்கியது. அலையின் வேகத்தை அது கடலுக்குள்ளேயே உடைக்கிறது. அதன் பிறகு காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்து சேர்ந்ததைச் சென்டினல் படத்திலேயே காணலாம்.

உங்கள் ஊர்க் கரை மெலிந்தால் முதலில் தெற்கே பாருங்கள். பத்து கிலோமீட்டருக்குள் புதிதாகச் சுவர், துறைமுகம், தூண்டில் வளைவு ஏதாவது வந்திருக்கிறதா? வந்த வருஷமும் கரை மெலியத் தொடங்கிய வருஷமும் ஒட்டி வருகிறதா? ஆற்று மணல் கடலுக்கு வருவது குறைந்துவிட்டதா? இவை எதுவும் இல்லை என்று ஆன பிறகு, கடல் மட்டத்தையும் புயலையும் எழுதுங்கள்.

மழைக்காலத்தில் ரேடார்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து டிசம்பர் 1 நள்ளிரவுக்கு மேல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்து, தென்பெண்ணை இரு கரையையும் அடித்துக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் சென்டினல்-2 படத்தைத் திறந்தால் மேகம்தான். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர் புயல் என்று நம்மை அடித்தது எல்லாமே மேகத்துக்கு அடியில்தான் நடந்தது.

கோப்பர்னிகஸ் பிரவுசரிலேயே சென்டினல்-1ஐத் தேர்ந்தெடுத்து, "வி.வி." என்ற படத்தைத் திறக்கவும். கறுப்பு வெள்ளையாக இருக்கும். இருட்டில் டார்ச் அடிப்பது மாதிரிதான் இந்த ரேடார். கண்ணாடி மேல் சாய்வாக அடித்தால் ஒளி எங்கோ போய்விடும், நம் கண்ணுக்குத் திரும்பாது. அமைதியான தண்ணீர் அப்படித்தான், படத்தில் கன்னங்கறேல் என்று தெரியும். வீடு, மரம், கரடுமுரடான நிலம் எல்லாம் வெளுப்பாக வரும்.

ஒரு படத்தை மட்டும் பார்த்துக் கறுப்பெல்லாம் வெள்ளம் என்று எண்ணாதீர்கள். சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்புதான், இறால் பண்ணையும் கறுப்புதான், ஏரியும் கறுப்புதான். ஆகவே மழைக்கு முந்தைய படம் ஒன்று, பிந்தைய படம் ஒன்று. முன்பு வெளுத்து, பின்பு கறுத்த இடம்தான் வெள்ளம். அதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: பலத்த காற்றில் தண்ணீர் சிலிர்த்தால் வெளுத்துத் தெரியும், ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே நின்ற தண்ணீர் ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. தெருவில் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சுவரில் படிந்த சேற்றுக்கோட்டைத்தான் அளக்க வேண்டும். தண்ணீர் வடிந்த மறுநாளே பெயின்ட்டால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஒரு மழைக்காலம் தாண்டினால் அந்தச் சேற்றுக்கோடு இருக்காது.

ரேடாரும் தினமும் வராது, நாள் கணக்கில் இடைவெளி உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருந்த பொழுதை அது தவறவிட்டிருக்கலாம். படத்தில் கறுப்பு இல்லை என்பதால் அங்கே தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது சொன்னால், படம் எடுத்த மணி என்ன என்று கேளுங்கள்.

2025 ஜூலை 30-இல் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார், பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. அதன் நீண்ட அலை இலைக்கூட்டத்தைத் தாண்டி அடியில் இருப்பதையும் உணரக்கூடியது. பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுக்கு அது பெரிய வரம்.

ஏரிக்கும் அலையாத்திக் காட்டுக்கும்

ஏரிக்குச் சென்டினல்-2 போதும். பெருமாள் ஏரியையோ வீராணத்தையோ என்.டி.டபிள்யூ.ஐ. படத்தில் வைத்து, ஒவ்வொரு வருஷமும் தை கடைசியில் நீர்ப்பரப்பை வரைந்து ஏக்கரில் எழுதி வாருங்கள். பாகூர், ஊசுட்டேரிக்காரர்களும் இதையே செய்யலாம். ஒரு எச்சரிக்கை: ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரைப் படம் தரை என்றுதான் சொல்லும். என்.டி.வி.ஐ. படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஏரிக்கு நடுவே வயலைவிடப் பச்சையாக ஒரு திட்டு தெரியும். அதுதான் தாமரை. பரப்பில் அதையும் சேர்த்துக்கொண்டு, தனியாகக் குறித்து வையுங்கள், அகற்றச் சொல்லி மனுக் கொடுக்க அந்த எண் உதவும்.

இங்கேயும் "ஏன்" முக்கியம். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரிக்கு வருகிறது. கோடையில் அது நிறைந்திருப்பதைப் பார்த்து மழை தேவலை என்று முடிவு கட்டக் கூடாது. அதே போல ஒரு ஏரியின் பரப்பு குறையாமல் இருந்தாலும் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கலாம். செயற்கைக்கோளுக்கு ஆழம் தெரியாது. மதகுப் பக்கத்தில் கோல் விட்டுப் பார்க்கும் நீர்பாய்ச்சிக்காரருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டு எழுதுங்கள்.

பிச்சாவரத்துக்கு மே மாதப் படம் எடுங்கள். அப்போது சுற்றிலும் வயல் காய்ந்து கிடக்கும், சுரபுன்னையும் வெண்கண்டலும் மட்டும் பச்சையாக நிற்கும். காட்டின் எல்லையைக் கண்ணாலேயே பிரிக்கலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இந்தக் காடு சுமார் 1,100 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. பழைய லேண்ட்சாட் படத்தில் காட்டுக்குள் மொட்டைத் திட்டுகள் தெரியும். முற்காலத்தில் பட்டை பட்டையாக மரம் வெட்டிய இடங்கள் அவை. வெட்டவெளியான மண் காய்ந்து அமிழ்ந்து, தொட்டி மாதிரி ஆகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் உப்பு ஏறிவிட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் உள்ளே போய் வெளியே வர வழி செய்து, அதன் பிறகே கன்று வைத்தார்கள். திட்டுகள் பச்சையானதை வருஷ வரிசையில் நீங்களே பார்க்கலாம். காரணம் கண்டுபிடித்து மருந்து கொடுத்ததற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் சாட்சி இது.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், அலையாத்திக் கன்று நடுகிறோம் என்று பலர் முன்வருகிறார்கள். நல்ல மனது. ஆனால் எங்கே நடுவது என்று படத்தில் பார்த்துவிட்டு நட வேண்டும். முன்பு காடு இருந்த இடமா என்பதைப் பழைய லேண்ட்சாட் சொல்லும். ஓதம் ஏறும்போது நனைந்து இறங்கும்போது வெளிப்படுகிற இடமா என்பதை, அமாவாசையை ஒட்டிய படத்தையும் அஷ்டமியை ஒட்டிய படத்தையும் மாற்றி மாற்றி வைத்தால் கண்டுகொள்ளலாம். எப்போதும் நீரில் இருக்கும் இடத்திலும், நீரே வராத மேட்டிலும் நட்டால் கன்று போகும், பணமும் போகும். நிலைத்து வளர்ந்த அலையாத்தி தன் சேற்றில் கரியை (கார்பனை) நூற்றாண்டுக் கணக்கில் புதைத்து வைக்கும்.

2004 சுனாமிக்குப் பின் நம் கடலூர் மாவட்டக் கரையைச் செயற்கைக்கோள் படத்தில் ஆராய்ந்து, மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னால் சேதம் குறைவு என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. இதே கரையின் சுனாமி எண்களை வேறு சிலர் மறுபடி எடுத்துப் பார்த்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் பெரிய காரணம் என்றார்கள். இரண்டையும் படித்த பிறகு நான் மனுவில் "காடு சுனாமியைத் தடுக்கும்" என்று எழுதுவதில்லை. காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், ஊர் மேட்டில் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு பற்றிக் கேட்கும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. சென்டினல்-5பி காற்றில் உள்ள மீத்தேனை அளக்கிறது, ஆனால் அதன் ஒரு புள்ளி ஐந்தரை கிலோமீட்டருக்கு ஏழு கிலோமீட்டர். உங்கள் வயல் அதில் தெரியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணீர் விட்டால் மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். அதற்குப் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மனுவோடு எப்படி வைப்பது

படத்தைப் பதிவிறக்கும்போது தேதியும் அளவுகோலும் படத்திலேயே வரும்படித் தேர்ந்தெடுங்கள். ஏ4 தாளில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், வடக்கு மேலே. கீழே இரண்டு தேதி, இரண்டு திதி, அளந்த மீட்டர். அதற்கும் கீழே தரையில் டேப் பிடித்த அளவும் போட்டோவும். இன்னொரு தாளில் வருஷ வரிசை எண்கள். வண்ணத்தில் அச்சடியுங்கள், கறுப்பு வெள்ளையில் தண்ணீரும் நிழலும் ஒன்றாகிவிடும்.

எழுத்தில் அடக்கம் வேண்டும். "எங்கள் ஊர் அழிகிறது" என்று ஆரம்பிப்பதை விட, "இந்த மின்கம்பத்துக்கு எதிரே 2016 மார்ச்சிலிருந்து இந்த மார்ச் வரை கரை இத்தனை மீட்டர் குறைந்திருக்கிறது, படத்தில் பத்து மீட்டர் வரை பிழை இருக்கலாம்" என்று எழுதினால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். பிழையை நாமே சொல்லிவிட்டால் அதை வைத்து நம்மை மடக்க முடியாது. கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள்: இந்த முகத்துவாரத்தில் தேங்கிய மணலை வடக்கே மாற்றிப் போட வேண்டும், இந்த வாய்க்காலின் இந்த இடத்தில் அடைப்பை எடுக்க வேண்டும், இந்தச் சர்வே எண்ணில் அலையாத்தி நட வேண்டும்.

வைக்கிற இடம் முதலில் கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கூட்டங்களில் தீர்மானமாகப் போட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகலோடு கொடுங்கள். கரை என்றால் மீன்வளத் துறைக்கு ஒரு நகல், ஏரி என்றால் நீர்வளத் துறைக்கு ஒரு நகல். ரசீது எண்ணை அந்த வருஷப் படங்கள் இருக்கும் கோப்புறையின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், அடுத்த மார்ச்சில் புதுப்படம் எடுத்ததும் எந்த மனுவோடு அதைச் சேர்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.